பட வரிசையும் நினைவிடக் கணக்கும்

கணிப்பொறித் திரையிற் காணும் படம் தொடர்ச்சியாகத் தோன்றினும், உண்மையில் அது நெருங்கி அமைந்த புள்ளிகளின் தொகுதியேயாகும். 24 பிட் படத்தில் நீலம், பச்சை, சிவப்பு என்னும் முறையிற் புள்ளி ஒன்றுக்கு 3 பைட்டுகள் வேண்டும். ஆகவே அகலத்தை மூன்றாற் பெருக்கினால் ஒரு வரிசைக்குரிய இடம் கிடைத்துவிடும் என்று கருதத் தோன்றும். விண்டோஸ் முறைமைக்குரிய பி.எம்.பி. கோப்புகளில் இக்கணக்கு எப்பொழுதும் செல்லாது.

சுருக்கப்படாத இக்கோப்புகளில் ஒவ்வொரு வரிசையின் நீளமும் நான்கின் மடங்காக இருத்தல் வேண்டும் என்பது விதி. 32 பிட்டுகளை ஒருசேர எடுத்தாளும் செயலிகளுக்கு இவ்வமைப்பு வசதியானது. குறைவுபடும் இடம் வெற்றுப் பைட்டுகளால் நிரப்பப்படுகின்றது. அகலத்தைப் புள்ளிக்குரிய பிட்டுகளாற் பெருக்கி, 31 கூட்டி, 32-ஆல் வகுத்து, மீதியை விடுத்து, ஈவை நான்காற் பெருக்குக. வரிசையின் நீளம் பைட்டுகளிற் கிடைக்கும். 101 புள்ளி அகலமுள்ள 24 பிட் படத்திற்கு 2,424 பிட்டுகள், 31 கூட்ட 2,455, ஈவு 76, விடை 304. நேர்ப்பெருக்கலோ 303 என்றே காட்டும்.

ஒரு பைட்டுதானே என்று எண்ணலாகாது. 303 எனக் கொண்டு படிக்கும் நிரலில், ஒவ்வொரு வரிசையும் முந்தியதினும் ஒரு பைட்டு விலகும். நிறங்கள் இடம் மாறும். மூன்று வரிசைகளுக்கு ஒருமுறை நிறம் சரியாக அமைந்தாலும், படம் ஒரு புள்ளி வலப்புறம் நகர்ந்திருக்கும். வரிசைகள் பொதுவாகக் கீழிருந்து மேலாகச் சேமிக்கப்படுவதால், மேலே செல்லச் செல்லச் சாய்வு மிகும். 100, 640, 800 போன்ற அகலங்கள் நான்கின் மடங்குகளாதலால் அவற்றில் இப்பிழை தலைகாட்டுவதேயில்லை. சோதனையில் தேறிய நிரல் பின்னர் வேறோர் அகலத்தில் தவறுவதன் காரணம் இதுவே.

இதனினும் கொடியது பெருக்கல் நிரம்பி வழிதல். 65,536 புள்ளி அகலமும் 16,385 வரிசைகளும் உடையதாகத் தலைப்பில் அறிவிக்கும் 32 பிட் படம் ஒன்றைக் கொள்வோம். வரிசைக்கு 2,62,144 பைட்டுகள். மொத்தம் 429 கோடிக்கு மேல். 32 பிட் எண்ணில் இத்தொகை அடங்காது. மேற்பகுதி கழிந்து 2,62,144 மட்டுமே எஞ்சும். ஒரே வரிசைக்குரிய இடத்தை ஒதுக்கிய நிரல் 16,385 வரிசைகளையும் அதில் எழுத முற்படும்போது, அண்டையிலுள்ள பிற தரவுகள் அழிகின்றன. தீய நோக்கமுடையோர் இத்தகைய கோப்புகளை வேண்டுமென்றே ஆக்குவதும் உண்டு. எனவே பெருக்கலை 64 பிட் எண்ணிற் செய்து, விடையைக் கோப்பின் உண்மையான நீளத்தோடு ஒப்பிட்ட பின்னரே நினைவிடம் ஒதுக்குதல் முறையாகும்.