மருத்துவச்சிக்குப் புள்ளி போடுவது யார்?

பால் நிறுக்கத் தராசு உண்டு. பிறந்த பிள்ளையை நிறுக்கவும் தராசு உண்டு. பெற்றவளை மருத்துவச்சி எப்படி நடத்தினார் என்பதை எதில் நிறுப்பது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் இதற்கென்று ஓர் அளவுகோல் செய்து, 2017-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 7 கேள்விகள்தான். வேறு வழிகளும் உண்டென்று சொன்னார்களா? ஒவ்வொன்றின் நன்மை தீமையை எடுத்துச் சொன்னார்களா? யோசிக்க நேரம் கொடுத்தார்களா? உங்கள் முடிவை மதித்தார்களா? இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை புள்ளி; குறைந்தது 7, கூடினால் 42.

இதில் விசேஷம் என்னவென்றால், புள்ளி போடுவது மேலதிகாரி அல்ல. பிள்ளை பெற்ற தாய்! 'தாயும் சேயும் நலம்' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டால் போதுமா? ஒன்றும் விளங்காமல், பயந்து தலையாட்டினவளின் மனசு அந்த ரிப்போர்ட்டில் வராதே!

உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வலியுறுத்தியது இதுதான்: பிரசவத்தில் மரியாதை வேண்டும், விளங்கும்படி பேச வேண்டும், தாய் விரும்பும் துணை பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, ஊசி எதற்கு, மாத்திரை எதற்கு என்று விளங்கவில்லையென்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். "மிஸ்ஸி, இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்பது குற்றமில்லை, அது உங்கள் உரிமை.