வண்டியை நாயின் உயரத்திலிருந்து பாருங்கள்

போன சித்திரையில், வாடகைக்கு விடும் கேரவன் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டில், சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, டிவி எல்லாம் பளபளவென்று இருந்தன. கூடவே அழைத்துப் போயிருந்த எங்கள் சிப்பிப்பாறை நாய் கருப்பி மட்டும் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டாள். மறுபடி ஏற்றினேன். கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தபடி நின்றாள். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தேன், சுட்டது. அரை மணி நேரம் ஓடி வந்து நின்ற வண்டி அது. கீழே புகைக்குழாய் போகிறது, மேலே தகடு, தகட்டின் மேல் மெல்லிய வினைல் விரிப்பு, அவ்வளவுதான். செருப்புப் போட்டு நின்ற எனக்கும் வண்டி ஓனருக்கும் அந்தச் சூடு தெரியவே இல்லை.

நாம் வண்டியை ஐந்தரை அடி உயரத்திலிருந்து பார்க்கிறோம். நாய் அதன் தரையில் வாழ்கிறது. கசியும் கேஸ் இறங்குவதும், இன்ஜின் சூடு ஏறுவதும், பிரேக் அடித்தால் பொருட்கள் வந்து விழுவதும் அந்தத் தரையில்தான். கேரவன் என்றால் சினிமா நடிகர்களின் வண்டி என்றிருந்த காலம் போய், இன்று டெம்போ டிராவலரையும் ஆம்னியையும் படுக்கை வண்டியாக மாற்றிக் குடும்பத்தோடும் நாயோடும் கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முழங்காலிட்டுப் பார்க்க வேண்டியவை

வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்தியதும் முழங்காலிட்டு, நாய் படுக்கப்போகும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தரைக்கும் விரிப்புக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு இருக்க வேண்டும். விரிப்பு வழுக்கக் கூடாது. வளைவுகளில் நகம் பதியாமல் வழுக்கும் நாய் வழி நெடுகத் தசையை இறுக்கிக்கொண்டே வரும். கட்டிலின் அடியில் துருத்தும் தகட்டு விளிம்பும் திருகு முனையும் நம் கண்ணுக்குப் படாது, நாயின் கண்ணில் குத்தும்.

அடுத்து இடம். ராஜபாளையம் நாயின் தோள் உயரம் இரண்டு அடிக்கு மேல். அது தலை நிமிர்ந்து நிற்க, சுற்றித் திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். சிப்பிப்பாறைக்கும் கன்னி இன நாய்க்கும் உடம்பில் சதை குறைவு. வெறும் பலகையில் நெடுநேரம் படுத்தால் முட்டியும் இடுப்பெலும்பும் புண்ணாகும். கட்டிலுக்கடியில் கூண்டு என்றால் மூன்று பக்கமாவது காற்று புக வேண்டும். நியாயமாக அசைய முடியாத அளவுக்குச் சிறிய கூண்டில் விலங்கை வைப்பதையும், தேவையற்ற வலி தரும் விதத்தில் ஏற்றிச் செல்வதையும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவில் குற்றம் என்கிறது.

பின் கதவு. வயதான நாய்க்கும் இடுப்பு பலவீனமான லேப்ரடாருக்கும் உயரமான படி ஆகாது. சாய்பலகை வைக்க வழி இருக்கிறதா பாருங்கள். கதவைத் திறந்ததும் நாய் நேராகச் சாலையில் குதிக்க முடிந்தால், அந்த வாசலுக்கு உள்ளே ஒரு தடுப்பு கட்டாயம். நெடுஞ்சாலை ஓரத்தில் கதவு திறக்கும் அந்த ஒரு நொடியில்தான் நாயைப் பறிகொடுக்கிறோம்.

உயிருக்கு உலை வைக்கும் மூன்று

முதலாவது வெயில். நம் பயணங்களில் கோயில் இல்லாமல் இருக்காது. கோயிலுக்குள் நாய்க்கு அனுமதி இருக்காது. “அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்” என்று கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு தரிசன வரிசையில் நிற்கப் போகிறோம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது: வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை லேசாகத் திறந்து வைத்தும் பெரிய பயன் இல்லை. மதுரையிலோ திருச்சியிலோ வெளியே 34 டிகிரி இருக்கும் நாளில் இதை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது; சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. “ஏசி ஓடுகிறதே” என்பதும் பாதுகாப்பு ஆகாது. இன்ஜின் நின்ற பிறகு அது பேட்டரியை நம்பி ஓடுகிறது. பேட்டரி இறங்கினால் உங்களுக்குச் சொல்ல ஆளில்லை. நாய் இறங்க முடியாத இடத்தில், குடும்பத்தில் ஒருவர் வண்டியோடு தங்க வேண்டும். வேறு வழி இல்லை.

தள்ளாட்டம், இடைவிடாத இரைப்பு, கெட்டியான எச்சில், கடும் சிவப்பான ஈறு தென்பட்டால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள்.

இரண்டாவது, கேஸும் புகையும். சமையல் கேஸ் காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். நாம் கட்டிலில் வாசனை மூக்கில் ஏறாமல் தூங்கும்போது, கீழே படுத்திருக்கும் நாய் அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கும். சிலிண்டர் வைக்கும் அறை படுக்கும் இடத்திலிருந்து தனியே மூடப்பட்டு, அதன் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். நாயின் மெத்தை எந்தத் துளையையும் மூடக் கூடாது. ஜெனரேட்டர் புகையிலும், குளிருக்காக மூட்டும் கரியடுப்பிலும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மூடிய வண்டிக்குள் எதையும் எரிக்காதீர்கள். கேஸ் கசிவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் தனித்தனி அலாரம் இல்லாத வண்டியில் இரவு தங்காதீர்கள்.

மூன்றாவது, கட்டாத நாய். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 30 கிலோ நாய் 400 கிலோவுக்கு மேற்பட்ட எடையின் விசையோடு முன்னால் பாயும். நாயும் பிழைக்காது, முன்சீட்டில் இருப்பவரும் தப்பமாட்டார். கழுத்துப் பட்டையில் கட்டினால் கழுத்து முறியும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையை, வண்டியின் சட்டத்தோடு இறுக்கிய கொக்கியில் கட்டுங்கள். அல்லது தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய கூண்டு. பலகையில் திருகிய கொக்கி பலகையோடு பிய்ந்து வரும். கையால் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஆர்.சி. புக் என்ன சொல்கிறது?

வண்டி அழகாக இருக்கலாம். ஆர்.சி. புக்கில் அது இன்னும் 12 பேர் உட்காரும் வேனாகவே இருந்தால் சிக்கல் உங்களுடையது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சட்டம் அனுமதிக்கும் மாற்றத்துக்கும் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். மீறினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது வண்டியின் சொந்தக்காரர் மேல் வரும், கட்டிக் கொடுத்த பட்டறை பதில் சொல்லாது. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. “இந்த வண்டி அதன்படி ஒப்புதல் பெற்றதா?” என்று கேட்டுச் சான்றின் நகலை வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுதிக் கொடுத்து பாலிசியில் பதியச் செய்ய வேண்டும். பதியாத மாற்றத்தைக் காட்டியே இழப்பீட்டை மறுக்கும் சண்டைகள் நடக்கின்றன. வாகன பாலிசி வண்டிக்கானது. காயப்பட்ட நாயின் மருத்துவச் செலவுக்கு வளர்ப்பு விலங்கு பாலிசி தனியாக எடுக்க வேண்டும்.

எடையையும் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கட்டில், பேட்டரி, குடும்பம், நாய் எல்லாம் சேர்ந்து ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். எல்லாம் ஏற்றியபின் ஒரு எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது சில நிமிட வேலை. ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வாடகைக்கு எடுத்தால்

நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை “தெரிந்தவர் வண்டி” என்று வாடகைக்குத் தருகிறவர்களிடம் எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காது.

நாய் வருகிறது என்பதை மறைக்காதீர்கள். இனம், எடை, எண்ணிக்கை சொல்லி, “நாயை ஏற்ற அனுமதி உண்டு” என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். சுத்தம் செய்யும் கட்டணம் எவ்வளவு, முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதும் எழுத்தில் வரட்டும். ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் சீட், கதவு, கொசுவலை, தரை எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். என்னிடம் ஒருமுறை, பழைய நகக்கீறலுக்கெல்லாம் சேர்த்து முன்பணத்தில் பிடிக்கப் பார்த்தார்கள். ஏறும் முன் எடுத்த வீடியோவைக் காட்டியதும் முழுப் பணமும் வந்தது.

ஆர்டரில் ஒரு வரி

வாங்குகிறவர்கள் அவசியம் செய்ய வேண்டியது இது. ஆர்டர் படிவத்தில், “30 கிலோ எடையுள்ள ஒரு நாயோடு பயணம் செய்து, இரவு தங்குவதற்காக இந்த வண்டி” என்று எழுதச் சொல்லுங்கள். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 16-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: எந்த நோக்கத்துக்காக வாங்குகிறோம் என்பதை, அந்தப் பொருளை விற்பதே தொழிலாகக் கொண்டவரிடம் தெரிவித்து, அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது சொல்லப்படாத நிபந்தனையாகவே சேர்ந்துவிடும். தரை சுடுகிறது, கொக்கி பிய்ந்து வருகிறது என்று நாளை நீங்கள் போய் நின்றால், “நாய்க்கென்று யார் சொன்னது?” என்ற பதிலுக்கு இடமிருக்காது.

ஏமாற்றப்பட்டால்

முதலில் குறையைப் படத்தோடு எழுதி, பதிலுக்குத் தேதி குறிப்பிட்டு, விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்; பல சண்டைகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டி எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அளவுக்கு மீறிய முன்பணம், இழப்புக்குச் சம்பந்தமில்லாத அபராதம் போன்ற நியாயமற்ற ஒப்பந்த ஷரத்தையே எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டால், கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கே கட்டணம் கிடையாது.

கிளம்பும் முன்

வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைக் கையோடு வையுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. வளைவுகளில் நாய் வாந்தி எடுக்காமலிருக்க, மலை ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே அதன் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். காட்டுப் பகுதியில் நாயை இறக்கிவிடாதீர்கள். நாய்களிடமிருந்து பரவக்கூடிய டிஸ்டெம்பர் வைரஸ் 2018-இல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்றது.

நம்மோடு வருகிற அந்த ஜீவன் வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, சுடுகிறது என்று வாய் திறந்து சொல்லவும் அதற்கு முடியாது. அதற்காக நீங்கள் கேளுங்கள். வண்டி பார்க்கப் போகும்போது நாயையும் அழைத்துப் போங்கள். கையெழுத்துப் போடும் முன், ஒரு நிமிடம் குனிந்து, தரையைத் தொட்டுப் பாருங்கள்.