உங்களுக்குத் தெரியுமா? கடலோரத்தில் இறங்கிய சீர்திருத்தம்

● தேனி மாவட்டத்துச் சிலமலை, போடிப் பக்கம் புராட்டஸ்டன்ட் சமயம் பரவியதில் பெரும்பங்கு அமெரிக்க மிஷனரிகளுக்கு உண்டு. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தவர்கள் அவர்கள். சமவெளி வெயிலுக்கும் நோய்க்கும் தப்பிக்கப் பெரியகுளம் வழியாக மலையேறி, 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டியவர்களும் அவர்களே. ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கதை தொடங்குவது அவர்கள் மதுரைக்கு வந்ததற்கும் 128 ஆண்டு முன்பு, கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் தரங்கம்பாடியில்.

● 1706 ஜூலை 9. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இருவர் அங்கே கப்பலிலிருந்து இறங்கினார்கள். ஒருவர் புளூட்சோ. இன்னொருவர் 24 வயதை எட்டவிருந்த ஜெர்மானியர், பர்த்தலோமேயு சீகன்பால்கு. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் வழிவந்த சபைக்காரர்.

● சீகன்பால்கு தமிழ் படித்தது திண்ணைப் பள்ளிப் பாணியில்தான். வயதான வாத்தியார் ஒருவர் தம் மாணவர்களோடு அவர் வீட்டுக்கே வந்து பாடம் நடத்த, பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். பல மொழி தெரிந்த அழகப்பன் என்பவர் துணைக்கு இருந்தார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டுவிட்டார் மனிதர்! நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார்.

● ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் பரிந்து பேசப்போய், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைத் தளபதியைப் பகைத்துக்கொண்டார். பலன், நான்கு மாதச் சிறை. தளபதியும் அவருடைய சபையைச் சேர்ந்தவர்தான்.

● லூத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் தந்தது 1522-இல். சீகன்பால்கு கிரேக்க மூலத்தை வைத்துத் தமிழில் முடித்தது 1711-இல். அச்சிடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. லண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளோ கொட்டை கொட்டையாக இருந்தன. அவற்றைக் கோத்தால் காகிதம் கட்டுபடியாகாது. பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கிப் பொறையாறில் சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. (தமிழின் முதல் அச்சுநூல் என்று இதைச் சொல்பவர்களைத் திருத்துங்கள். 1578-இலேயே கொல்லத்தில் கத்தோலிக்கரின் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது.)

● தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-இல் ஒரு நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். 'உம்மை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, இங்கே பரப்ப அல்ல' என்கிற தோரணையில் அங்கிருந்த பெரியவர் பிராங்கே அதை ஒதுக்கிவைத்தார். நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில். அவர் எழுதியவற்றில் இன்றைய ஆய்வாளர்கள் விரும்பிப் புரட்டுவது இதைத்தான்!

● 1718-இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். மறு ஆண்டு பிப்ரவரி 23-இல் காலமானார், வயது 36. உடல் அந்த ஆலயத்திலேயே அடக்கம். முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் குருப்பட்டம் பெற 1733 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

● பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகவேண்டும் என்ற அறிக்கை 1919 மே மாதம் வெளியானதும் தரங்கம்பாடியிலிருந்துதான். முன்நின்றவர் திருநெல்வேலிச் சீமைக்காரர், பேராயர் வி.எஸ். அசரியா. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தபோது மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதில் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், சீகன்பால்கு வழிவந்த லூத்தரன் சபை அதில் சேரவில்லை. அது இன்றும் தனிச் சபை, தலைமையகம் திருச்சியில்.