மாடி ரூட்டருக்குக் கீழ்வீட்டுப் பிரின்டர் ஏன் தெரிவதில்லை?

கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை மாடி ஏறுவது லேசில் நடக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒரு சுவருக்கே திணறும். அதனால் மேலே இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டுகிறோம். கீழிருந்து கேபிள் போகிறது, நெட்டும் வருகிறது. ஆனால் மாடி லேப்டாப்பில் பிரின்ட் கொடுத்தால் ஹாலில் இருக்கும் பிரின்டர் பட்டியலிலேயே காணோம். போனில் இருக்கும் வீடியோவைக் கீழே உள்ள டிவியில் போடவும் வழியில்லை. கடையில் கேட்டால், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் ‘மெஷ்’ வாங்கச் சொல்வார்கள்.

பழுது எதுவும் இல்லை. வீட்டுக்குள் இரண்டு நாட்டாமைகள், அவ்வளவுதான். நெட் கம்பெனி வைத்த பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகிறது. மாடி ரூட்டரும் தன் பங்குக்கு 192.168.0 என்று தனி வரிசை நடத்துகிறது. உலகத்துக்கே சுமார் 430 கோடி ஐபி முகவரிகள்தான் என்றிருந்த நிலையில், ஒரே முகவரியைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ள 1994-ல் முன்வைக்கப்பட்ட ஏற்பாடு ‘நாட்’. மாடி ரூட்டரிலும் இதுதான் ஓடுகிறது. உள்ளிருந்து வெளியே போவதை அது அனுமதிக்கும். அழையாமல் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். மாடி ரூட்டரின் கணக்கில் நம் ஹாலும் வெளியூர்தான்!

பிரின்டரின் ஐபி எண்ணை மாடியிலிருந்து கையால் அடித்தால் பெரும்பாலும் பிரின்ட் வந்துவிடும். கீழிருந்து மாடிக் கருவியைத் தேடினால் கிடைக்காது. தானாகப் பட்டியலில் வருவது இரு பக்கமும் நடக்காது. ஏனென்றால் ‘இங்கே யார் பிரின்டர்?’ என்று கருவிகள் கேட்கும் குரல் தன் ரூட்டரைத் தாண்டிப் போகாது.

ஆகவே மாடி ரூட்டரின் பதவியைப் பறிக்க வேண்டும். அதன் செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் லேப்டாப்பைக் கேபிளால் அதில் இணைத்து, முதலில் அதன் ஐபியை மாற்றுங்கள். கீழே இருப்பது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம்; அந்த எண் வேறு கருவிக்குப் போகாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். வரிசை மாறினால் செட்டிங் பக்கத்தைத் திரும்பத் திறப்பது தலைவலி. கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை ‘வேன்’ போர்ட்டிலிருந்து பிடுங்கி ‘லேன்’ போர்ட் ஒன்றில் செருகுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் 1, 6, 11 ஆகியவற்றில் வேறு வேறாக இருக்கட்டும். ‘கெஸ்ட்’ வைஃபையில் பிரின்டரை இணைக்காதீர்கள். அது கருவிகளைப் பிரித்து வைக்கவே உண்டானது.

கேபிள் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்கு மெஷ் நல்ல தீர்வுதான். கேபிள் ஏற்கெனவே மாடிக்குப் போயிருந்தால், பணத்தை எடுக்குமுன் மாடி ரூட்டரை ஒருமுறை இப்படி மாற்றிப் பாருங்கள்.