முடி நடப்போகும் பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும்



தலைமுடி விடயத்தையா வானொலியில் ஒரு உரையாகப் பேசுவது என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் எங்கள் வீடுகளில் கலியாணப் பேச்சுத் தொடங்கி, பெடியனின் படிப்பு, வேலை எல்லாம் விசாரித்து முடிந்த பிறகு, மெல்லிய குரலில் ஒரு கேள்வி வரும்: "தலைமுடி கொட்டுண்டு போச்சாமே?" அது காதில் விழுந்த பிள்ளை, நண்பர்களோடு நாலு நாள் துருக்கிக்கு ஹொலிடே என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறான். திரும்பி வரும்போது தலையில் தொப்பி. இந்த மாத உரை அந்த நாலு நாட்களையும் அதற்குப் பிந்திய மாதங்களையும் பற்றியது.

முடிநடுகையில் புதிதாக முடி எதுவும் உண்டாக்கப்படுவதில்லை. பரம்பரையாக வரும் ஆண் வழுக்கையில் பின்தலை முடியும் காதுகளுக்கு மேலுள்ள முடியும் பெரும்பாலும் கொட்டுவதில்லை. அந்த முடியை வேரோடு எடுத்து முன்தலையில் நட்டாலும் அது தன் பழைய குணத்தோடேயே வளரும் என்பதை நியூயோர்க் தோல் வைத்தியர் நோர்மன் ஓரன்றைக் 1959இல் எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் இந்தத் தொழில் முழுவதும் நிற்பது அந்த ஒரு உண்மையில்தான். பின்தலைத் தோலை நீளக் கீற்றாக வெட்டியெடுத்து வேர்களைப் பிரித்து நடுவது ஒரு முறை. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவான துளைக்கருவியால் வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது மற்ற முறை. முதலாவதில் கோடாகத் தழும்பு வரும், இரண்டாவதில் புள்ளி புள்ளியாக வரும். தழும்பே வராது என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை நம்பவேண்டாம்.

வயல் செய்த குடும்பங்களுக்கு இது உடனே விளங்கும். பின்தலை முடி விதைநெல் மாதிரி. எடுத்த இடத்தில் அது மறுபடி முளைக்காது, இருப்பதும் அளவோடுதான். இருபத்தைந்து வயதில் நெற்றிக் கோட்டைத் தாழ்த்தி வைப்பதற்காக எல்லாவற்றையும் செலவழித்தால், நாற்பதில் நடுத்தலை கொட்டும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. முன்னால் மட்டும் ஒரு தீவு போல முடி நிற்கும். உதைபந்தாட்ட வீரர் வேய்ன் ரூனி 2011இல், தன் 25ஆவது வயதில், முடி நட்டதை ஒளிக்காமல் உலகுக்கே சொன்னார். 2013இல் அவர் இரண்டாம் தடவையும் செய்துகொண்டார். வழுக்கை அதோடு நின்றுவிடுவதில்லை என்பதால் பலருக்கு இப்படி மறுபடி போகவேண்டி வருகிறது.

செய்துகொண்டவர்களை அதிகம் கலங்கவைப்பது வலி அல்ல, மூன்றாம் நாலாம் கிழமைதான். நட்ட முடி அப்போது கொத்துக் கொத்தாகக் கொட்டும். காசும் போச்சு, முடியும் போச்சு என்று இரவில் நித்திரையில்லாமல் கிடப்பவர்கள் உண்டு. வேர் உள்ளே இருப்பதால் இது இயல்பானது. புதிய முடி வெளியே தெரிய ஏறக்குறைய ஆறு மாதம் செல்லும், முழுப் பலனையும் பார்க்கப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஆகும். ஆகவே கலியாணத்துக்கு மூன்று மாதம் முன்பு போய் நடுவதில் பொருளில்லை. மணவறைப் படங்களில் முன்பிருந்ததைவிடக் குறைந்த முடியோடுதான் நிற்கவேண்டி வரும்!

இனி உயிர் சம்பந்தமான விடயம். 2016 மே மாதம் சென்னையில் மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர், வயது 22, முடிநடுகைக்குப் போனார். அந்த நிலையத்துக்கு இருந்தது சலூன் நடத்தும் அனுமதிதான் என்று பின்னர் தெரியவந்தது. மயக்க மருந்து கொடுத்தவர் இடையில் எழுந்து போய்விட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. மாணவருக்கு உடல்நிலை மோசமாகி, வேலூர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. 2019 மார்ச்சில் மும்பையில் 43 வயதுடைய ஒருவருக்கு ஒரே தடவையில் 9,000க்கும் மேற்பட்ட முடிகள் நடப்பட்டன. முகமும் தொண்டையும் வீங்கி, மூச்சுவிட முடியாமல் அவர் இறந்தார். 2025 யூலையில் இங்கிலாந்திலிருந்து இஸ்தான்புல்லுக்கு இரண்டாவது நடுகைக்காகப் போன 38 வயதுடைய ஒருவர், ஆயத்தம் நடக்கும்போதே சுகவீனமுற்று உயிரிழந்தார். இப்படி நடப்பது மிக அரிது. ஆனால் மரக்கச்செய்யும் ஊசிமருந்துக்கும் ஒரு எல்லை உண்டு, அது மிஞ்சினால் இதயத்தைப் பாதிக்கும். அந்த நேரத்தில் அறைக்குள் ஒரு வைத்தியர் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. "இது சத்திரசிகிச்சை இல்லை, பார்லர் வேலை" என்ற நினைப்பு எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது.

இங்கே என்.எச்.எஸ் இதைச் செய்து தருவதில்லை, அழகுக்கான சிகிச்சை என்பதே காரணம். தனியாரிடம் 1,000 முதல் 30,000 பவுண்வரை செல்லலாம் என்று என்.எச்.எஸ் சொல்கிறது. இங்கிலாந்தில் செய்வதானால் நிலையம் சி.கியூ.சியிலும் வைத்தியர் ஜி.எம்.சியிலும் பதிவு பெற்றிருக்கவேண்டும். இரண்டு பதிவுகளையும் இன்ரநெற்றில் இலவசமாகப் பார்க்கலாம், ஆங்கிலம் தெரிந்த மகளிடமோ மருமகனிடமோ கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. சிகிச்சை செய்யும் வைத்தியரே உங்களோடு பேசிச் சம்மதம் வாங்கவேண்டும், யோசிக்க நேரமும் தரவேண்டும் என்று ஜி.எம்.சி 2016 முதல் விதித்திருக்கிறது. "இன்றைக்கே முற்பணம் கட்டினால் கழிவு" என்று விற்பனையாளர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போவதென்றால் வட்ஸ்அப்பில் பேசுபவரிடம் ஒன்றை விடாமல் கேளுங்கள்: தோலை வெட்டுவதும் துளை போடுவதும் வைத்தியரா, ரெக்னிசியனா? அதற்கு நேரான பதில் வராவிட்டால் ரிக்கற் போடவேண்டாம்.

எங்கள் ஆட்கள் கவனிக்கவேண்டிய வேறு சில விடயங்களும் உண்டு. காது குத்திய இடமோ பழைய காயமோ தடித்து மேடாக வளர்ந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லவேண்டும், எங்களைப் போன்ற நிறத்தோலில் அத்தகைய தழும்பு கூடுதலாக வரும். சலரோகம், பிரஷர், இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எதையும் மறைக்கக்கூடாது. பெண்களுக்கு முடி கொட்டினால் முதலில் ஜீ.பியிடம் போய் இரும்புச்சத்தையும் தைரோயிட்டையும் சோதியுங்கள், பல தடவை காரணம் அங்கேதான் இருக்கும். ஆண்கள் குடிக்கும் பினாஸ்ரறைட் குளிசையால் மனச்சோர்வும் தாம்பத்தியக் குறைபாடும் வரலாம் என்பதால், 2024 முதல் அதனோடு எச்சரிக்கை அட்டை ஒன்றும் கொடுக்கப்படுகிறது. அதை வாசிக்காமல் எறியவேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது அந்த ஒளிப்புத்தான். வீட்டில் சொல்லாமல் போனவன், திரும்பி வந்து காய்ச்சல் பிடித்தாலும் சொல்லமாட்டான். தொப்பியைக் கழற்றமாட்டான், தாய் கேட்டால் தடிமன் என்பான். பெற்றோரே, பிள்ளையின் தலையைப் பற்றிக் கலியாண வீட்டில் பகிடி விடுபவர்களை நீங்களே நிறுத்துங்கள். போவதென்று அவன் முடிவெடுத்துவிட்டால், வீட்டில் ஒருவருக்காவது கிளினிக்கின் பெயரும் முகவரியும் தெரிந்திருக்கட்டும், முடிந்தால் ஒருவர் கூடப் போகட்டும். வந்தபின் நட்ட இடம் சிவந்து சூடாகிச் சீழ் வைத்தாலோ, பின்தலைத் தோல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஜீ.பிக்கோ 111க்கோ அழையுங்கள். மூச்சுவிடக் கஷ்டப்பட்டாலோ முகமும் தொண்டையும் வீங்கினாலோ 999. வெளிநாட்டில் செய்தது என்பதற்காக அவசர சிகிச்சைப் பிரிவில் யாரும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.