தாளவேகப் பொருத்தம்

தாளவேகப் பொருத்தம் என்பது ஒரு பாடல் முடியும் முன்பே, தாளம் தடுமாறாமல் அடுத்த பாடலை அதனுடன் இணைக்கும் முறையாகும். மாமல்லபுரம், கோவளம் கடற்கரை விடுதிகளின் திருமண வரவேற்புகளில் டிஜே கலைஞர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர்.

செயல்முறை

பாடலின் வேகம் நிமிடத்திற்கு இத்தனை அடிகள் (பிபிஎம்) என அளக்கப்படுகிறது. 15 நொடிகள் கையால் தாளம் போட்டு எண்ணி, 4ஆல் பெருக்கியும் இதை அறியலாம். 120 அடிப் பாடலை 126 அடிப் பாடலுடன் சேர்க்க, முதலாவதை 5 விழுக்காடு விரைவாக்க வேண்டும். வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை உயரும். இதைத் தவிர்க்க மிக்ஸ், வர்ச்சுவல் டிஜே போன்ற மென்பொருள்களில் சுருதியை மாறாமல் நிறுத்தும் வசதி உள்ளது. 'சிங்க்' பொத்தான் வேகத்தைத் தானாகவே பொருத்தும்.

வரம்புகள்

எண்கள் ஒத்துப்போனாலும் நடை ஒத்துப்போக வேண்டும். குத்துப் பாடல்கள் பல திஸ்ர நடையில் (அடிக்கு 3 தட்டு) அமைந்தவை. மின்னணு நடன இசை பெரும்பாலும் சதுஸ்ர நடையில் (அடிக்கு 4) அமைந்தது. இரண்டும் நீண்ட நேரம் சேர்ந்து ஒலித்தால் ஆடுபவரின் கால் தடுமாறும். 90 அடித் திஸ்ரப் பாடலை மென்பொருள் 135 எனத் தவறாகக் கணிப்பதும் உண்டு. கலைஞர்கள் ஒன்றுகூடி நேரடியாக வாசித்துப் பதிவான பழைய பாடல்களில் வேகம் சற்றே ஏறி இறங்கும். அங்கு ஹெட்போனில் கேட்டுக் கையால் திருத்துவதே நம்பகமான வழி.