அடிக்கடி வாந்தி எடுக்கும் பூனை... 'அது அப்படித்தான்'னு விட்டுடாதீங்க!

நடுராத்திரி. கட்டிலுக்கு அடியில 'களக்... களக்...'னு ஒரு சத்தம். லைட்டைப் போட்டுப் பார்த்தா தரையில மஞ்சள் நுரை. பக்கத்துலயே எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்து முகம் கழுவிக்கிட்டு இருக்கும் உங்க பூனை. "பூனைன்னா கக்கத்தான் செய்யும்"னு சொல்லிட்டு அம்மா திரும்பிப் படுத்துடுவாங்க.

அம்மா சொல்றது பாதிதான் சரி. எப்பவாவது ஒரு முடி உருண்டை வெளியே வந்தா பயப்பட வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல, மூணு வாரம் தாண்டியும் தொடர்ந்தா, அது நோயின் அறிகுறியா இருக்கலாம்.

முதல்ல போனை எடுத்து வீடியோ பிடிங்க. வயிறு குலுங்கி வெளியே வந்தா வாந்தி. குலுங்காம, சாப்பிட்ட உடனே அப்படியே முழுசா வந்தா அது எதுக்களிப்பு. பெரும்பாலும் அவசரமா விழுங்கினதால இருக்கும். தட்டையான தட்டுல கொஞ்சம் கொஞ்சமா வெச்சுப் பாருங்க. கழுத்தை நீட்டி, தரையோட குனிஞ்சு இருமி, ஒண்ணுமே வரலைன்னா ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். டாக்டருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

அடுத்து சாப்பாடு. குமரி மாவட்டத்துல பூனைன்னா சாளை மீன்தான், அதுவும் பல வீட்டுல பச்சையா. சில மீன்கள்ல வைட்டமின் பி1-ஐ அழிக்கிற ஒரு நொதி இருக்கு. பச்சை மீனே தினமும் போச்சுன்னா பசி குறையும், வாந்தி வரும், கடைசியில கழுத்து தொங்கிடும். வேகவெச்சா அந்த நொதி செயலிழந்துடும். மீன் மட்டுமே முழுச் சாப்பாடா இருக்கவும் கூடாது. பால்? வளர்ந்த பூனைகள் பலதுக்கு அது செரிக்காது.

நம்ம ஊருக்கே உரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, நூல். தோவாளை பக்கம் வீட்டுக்கு வீடு பூ கட்டுவாங்க. கடற்கரை ஊர்கள்ல தூண்டில் நரம்பு கிடக்கும். பூனை விழுங்கின நூல் நாக்குக்கு அடியில மாட்டிக்கிட்டா, குடல் சுருங்கி அறுபடலாம். வாய்லயோ பின்னாலயோ நூல் தெரிஞ்சா இழுக்காதீங்க, வெட்டாதீங்க. அப்படியே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பல்லி பிடிச்சுத் தின்னுற பூனையா? பல்லி வழியா பரவுற ஒரு கல்லீரல் புழு உண்டு. வாந்தியோட ஈறும் காதும் மஞ்சளா தெரிஞ்சா இதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. சாதாரண பூச்சி மருந்து அளவு இதுக்குப் போதாது. செங்காந்தள், லில்லிச் செடிகள் வீட்டுல இருந்தா அதையும் சொல்லணும். லில்லியோட மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போயிடும்.

வீட்டு வைத்தியத்துக்குப் போகாதீங்க. பாரசிட்டமால் ஒரு மாத்திரை போதும், பூனை செத்துடும். பூண்டு, வெங்காயமும் விஷம்தான்.

ஒரு நாள் முழுக்க சாப்பிடலை, வாந்தியில ரத்தம், ஆண் பூனை முக்கியும் மூத்திரம் வரலை, தடுப்பூசி போடாத குட்டி சோர்ந்து கிடக்கு... இதுல எது இருந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. நாகர்கோவில் அரசு கால்நடை மருத்துவமனையில காட்டலாம். ஸ்கேன், ஆபரேஷன்னு பெரிசா தேவைப்பட்டா திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. கிளம்பும்போது அந்த வீடியோ, வாந்தி எடுத்த தேதிகள், கடைசியா என்ன சாப்பிட்டுச்சுங்கிற விவரம், மூணும் போன்ல இருக்கட்டும்.